ஓதம்

கெலிமானெ நகரில் மழை விட்ட காலை.
தேங்காய் மூட்டை நிறுக்கும் தராசில்
அபக்காரை ஏற்றி நிறுத்தினேன்.
ஐம்பத்து நாலு கிலோ.
ஒன்றைக் கழித்தேன்.
"ஏன்?" என்றான்.
"அது நீ இல்லை. நீர்."

சைக்கிள் டாக்சிக்காரன்.
பின்னால் பாதி ஊரை ஏற்றியவன்
தன் இருக்கையில் உட்கார்ந்து
ஒன்பது வருஷம்.
நின்றே மிதிப்பான்.
பையன்கள் அதை வேகம் என்று நினைத்துக்
கை தட்டுவார்கள்.
கால் நடுவே வடியாத ஓதம்.
ஆற்றின் ஓதமாவது
நாளுக்கு இருமுறை இறங்கிப் போகிறது.

நல்ல அறிகுறிகளின் ஆறு என்று
போர்த்துகீசியர் பெயர் வைத்துப் போன ஆறு.
நான் அறிகுறிகளை அவ்வளவு நம்புகிறவள் இல்லை.
கேட்டுக்கொண்டே இருப்பேன்.

முழு மயக்கம் கொடுப்பவர்
பெய்ராவுக்கு மாற்றலாகி மாதம் நாலு.
அவர் இயந்திரத்தின் மேல் யாரோ
கப்புலானா போர்த்தியிருக்கிறார்கள், பூப்போட்டது.
இந்த வேலைக்கு அது வேண்டாம்.
மரத்துப்போகும் ஊசி போதும், அளவு தெரிந்தால்.
எடையை மூன்றால் பெருக்கிப் பத்தால் வகுத்துப்
பதினைந்து மில்லியில் நின்றேன்.
சுவர் ஓட்டில் எழுதினேன்.
செல்மிரா உரக்கப் படித்தாள்.
மறுபடி படிக்கச் சொன்னேன்.

மொகூபாவில் ஒருமுறை
உரக்கப் படிக்காத நாள் ஒன்று இருந்தது.
"நாக்கு தடிக்குது" என்றார் அந்த ஆள்.
பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.
பிறகு கைகால் வெட்டி இழுத்தது.
பிழைத்துக்கொண்டார்.
மறுமாதம் கோழி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.
அந்தக் கோழியை என்னால்
அறுக்க முடியவில்லை.

ஊசியை இறக்கி
பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். சிவப்பு வரவில்லை.
மெல்ல, மிக மெல்லச் செலுத்தினேன்.
"பேசிக்கொண்டே இரு."
"என்னத்தைப் பேச?"
"நீ போகிற வழியைச் சொல்."

சந்தையில் ஏறினான்.
மருந்துக்கடைப் பள்ளத்தை ஒதுக்கினான்.
ஆற்றங்கரைப் பழைய தேவாலயத்தில்
ஒரு குண்டுப் பெண் கூலிக்குத் தகராறு செய்தாள்.
அவள் குரலிலேயே அவன் வைதுகொண்டிருந்தபோது
தோலைத் திறந்தேன்.
அவன் தகராறை விடவில்லை.
எனக்கு வேறு கருவி எதற்கு?

மின்சாரம் போயிற்று.
செல்மிராவின் ஃபோன் வெளிச்சம்.
வெளுத்த தேநீர் நிறத்தில் நீர்
எஃகுத் தட்டில் இறங்கிற்று.

அவன் பேச்சு நின்றிருந்தது.

"அபக்கார்."
பதில் இல்லை.
"அபக்கார்! வாயில் இரும்பு ருசிக்குதா?
உதடு மரக்குதா?"
கண் திறந்துதான் இருந்தது.
"மணி," என்றான்.
"மணி அடிக்குது."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.
மொகூபாவின் கோழி
எங்கோ இறக்கை அடித்தது.
"காதுக்குள்ளேயா?"

"வெளியே! என் சைக்கிள் மணி!
எவனோ என் வண்டியில் கைவைக்கிறான்!"
எழப் பார்த்தான்.
முழங்கையால் அவன் மார்பை அழுத்திக்கொண்டேன்.
செல்மிரா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்:
காவலாளியின் மகள், ஐந்து வயது,
சலிக்காமல் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அடிக்கட்டும்," என்றேன்.
என் குரல் எனக்கே கோணலாக இருந்தது.
"நீ வழியைச் சொல்."

தையல் முடிந்ததும்
தட்டைக் காட்டச் சொன்னான்.
வெகுநேரம் பார்த்தான்.
"இத்தனை வருஷம்
கூலி வாங்காமல் இதையா ஏற்றித் திரிந்தேன்?"

சுவரைப் பிடித்துத் தானே நடந்தான்.
"இரண்டு வாரம் மிதிக்கக் கூடாது."
"தள்ளலாமா?"
"தள்ளு. மெதுவாக."

இருக்கையில் கையை வைத்துப் பார்த்தான்,
சூடு பார்ப்பது போல.
பிறகு அந்தச் சிறுமியைத் தூக்கி
பின்னால் உட்காரவைக்கப் போனான்.

"தூக்காதே!" என்று
ஜன்னலிலிருந்து கத்தினேன்.